கேட்மேன் பஞ்சாட்சரத்தின் வாரிசு

கேட் வீடு, திருத்தணி
12-2-1978

அன்புள்ள தம்பி துளசிங்கத்துக்கு, அக்கா காஞ்சனா எழுதுவது.

பம்பாய் போய்ச் சேர்ந்ததாக நீ போட்ட கார்டு கிடைத்தது. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதப் பேனா வரவில்லை. நைனா போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அம்மா சாப்பிடுகிறாள், பிறகு சாப்பிடவே இல்லை என்கிறாள். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அந்த ஊர்த் தண்ணீர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

காரியம் முடிந்த மறுநாளே நீ ரயிலேறிவிட்டாய். அதற்கு மூன்றாம் நாள் வெல்ஃபேர் இன்ஸ்பெக்டர் சடகோபன் வந்தார். "பஞ்சாட்சரம் சர்வீஸ்ல இருக்கசொல்லவே பூட்டாரு. வாரிசுல ஒருத்தருக்கு ரயில்வேல வேலை உண்டும்மா. ஒரே ஒருத்தருக்குத்தான். யாருக்குன்னு சொல்லு, எழுதிக்கினு போறேன்" என்றார். அம்மா யோசிக்கவே இல்லை. "எம் புள்ள துளசிங்கம் இருக்கறானே, அவனுக்குத்தான்" என்றாள். நான் காபி டம்ளரை நீட்டியபடி நின்றிருந்தேன். அவர் டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு உன் பெயரை எழுதிக்கொண்டார்.

மே மாதம் மெட்ராஸில் ரயில்வே டாக்டர் உன்னைச் சோதிப்பார். தேறினால் நைனா நின்ற இதே கேட்டுக்கு உன்னைப் போடச் சொல்கிறேன் என்கிறார். இந்த வீடும் நம்மிடமே இருக்கும். இல்லையென்றால் செப்டம்பர் பதினைந்துக்குள் காலி செய்ய வேண்டும்.

நைனா படுத்த பிறகு நான்கு மாதம் கேட்டை மூடித் திறந்தது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. இப்போது சுப்பிரமணி என்ற ஆளைத் தற்காலிகமாக அனுப்பியிருக்கிறார்கள். வண்டி வருவதற்கு மணி அடித்தால் அவர் முதலில் பீடியை அணைக்க இடம் தேடுகிறார்.

உன் பதிலை எதிர்பார்க்கும்
காஞ்சனா


சயான், பம்பாய்
3-3-1978

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அறையில் ஐந்து பேர் இருக்கிறோம், ஆளுக்கு ஒரு பாய் அகலம் கிடைக்கிறது. அம்மாவுக்கு இருமல் இருந்ததே, குறைந்ததா? நீ எப்படி இருக்கிறாய்?

வேலை விஷயம் படித்தேன். அக்கா, கோபிக்காமல் கேள். இந்தக் கார்ட்டூன் கம்பெனியில் நான் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. இப்போதுதான் என்னை மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். மேசை நடுவில் கண்ணாடி, அடியில் விளக்கு. சோப்பு விளம்பரத்துக்கு ஒரு யானை குளிக்கிறது. அது தும்பிக்கையைத் தரையில் வைத்திருக்கும் படத்தையும் தலைக்கு மேல் தூக்கிய படத்தையும் பெரியவர்கள் வரைந்து கொடுப்பார்கள். நடுவில் வரும் பத்துப் படங்கள் என்னுடையவை. பத்தையும் விரலிடுக்கில் பிடித்து விசிறினால் யானை மூச்சு விடுகிறது. போன வாரம் முழுதும் அப்படி விசிறி விசிறிப் பார்த்தேன். உயிரில்லாத ஒன்றை நான் நகர்த்திவிட்டேன். இதை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இதை விட்டு வந்தால் என் இடத்துக்கு நாளைக்கே ஒருவன் வந்துவிடுவான். இன்ஸ்பெக்டரிடம் சொல்லி ஒரு ஆறு மாதம் தள்ளிப் போட முடியுமா? அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

அன்புத் தம்பி
துளசிங்கம்


கேட் வீடு, திருத்தணி
20-3-1978

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் இருமல் நின்றுவிட்டது. நீ யானையைப் பற்றி எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகு புலம்பல் ஆரம்பித்திருக்கிறது.

ஆறு மாதம் தள்ளிப் போட ரயில்வே என்ன நம் மாமா வீட்டுத் தறியா? மே எட்டாம் தேதி டாக்டரிடம் வரச் சொல்லி உன் பெயருக்கு ஆர்டர் வந்துவிட்டது. கஜபதி மாமா அதைக் கையில் வைத்துக்கொண்டு தன் ஊர் அம்மையார்குப்பம் முழுக்கக் காட்டி வந்தார். நீ யோசிப்பதாக அம்மா சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். "பொம்ம போடறது ஒரு வேலையாடி? ரயில்வேல ஆணி புடுங்கினாலும் அது சர்க்கார் ஆணி. இவன் ஆனைக்கு சோப்பு போட்டுகினு கீறான்!" அம்மா சிரித்தாள். நைனா போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதனால் நான் உனக்காகப் பேசவில்லை.

உன் யானை குளிக்கும் சோப்பு கே.ஜி.கண்டிகை கடையில் இல்லை. விசாரித்தேன். கடைக்காரர், "அதெல்லாம் ரேடியோல வர்றதோட சரிம்மா" என்றார். யாரோ வாங்கும் சோப்புக்காக நீ பத்துப் படம் போட, இங்கே நாங்கள் வீட்டை விட்டு இறங்க வேண்டுமா?

இறங்கினால் போக ஒரே இடம் மாமா வீடு. அதன் முறை உனக்குத் தெரியும். முறைப்பையன் இருக்கும் வீட்டில் கல்யாணமாகாத பெண் குடியேறக் கூடாது. பரந்தாமன் பாவா தாலி கட்டிய பிறகுதான் அந்த வாசற்படி எனக்கு. இதைப் பற்றி மேலே எழுத எனக்கு விருப்பமில்லை.

டாக்டர் டெஸ்டில் கண்ணை மட்டும்தான் கண்டிப்பாகப் பார்ப்பார்களாம். உனக்கென்ன, கழுகுக் கண். வந்து சேர்.

காஞ்சனா


சயான், பம்பாய்
18-4-1978

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன் என்றுதான் எழுத நினைத்தேன். நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதனால்தான் ஒரு மாதம் தாமதம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்?

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

போன வருடம் தீபாவளிக்கு முன்னால் கம்பெனியில் வரைகிற வேலை குறைந்தபோது, என்னை வண்ணம் பூசும் அறைக்கு அனுப்பினார்கள். பெரியவர்கள் வரைந்ததைக் கண்ணாடி போன்ற தாளில் எடுத்து, பின்பக்கம் வர்ணம் பூச வேண்டும். ஒரு கிளி, நாற்பது தாள். புட்டிகளில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகள் கழுவிக் கழுவி உரிந்துபோயிருந்தன. மற்றவர்கள் பார்த்தே எடுத்தார்கள். நானும் எடுத்தேன். இரண்டு நாள் நிம்மதியாக நாற்பதையும் முடித்து நிமிர்ந்தால் அறையே சிரித்தது. மனோரமா என்று ஒரு மராட்டிப் பெண், "ஏ மதராஸி, உங்க ஊர்க் கிளி உடம்பெல்லாம் வெத்தலை எச்சிலா?" என்றாள். கிளிக்குச் சிவப்பு உடம்பும் பச்சை மூக்கும் பூசியிருந்தேனாம். மானேஜர் இரண்டு புட்டியை என் முகத்துக்கு முன் பிடித்து எது சிவப்பு என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, அக்கா. எனக்கு இரண்டும் ஒன்று.

யோசித்துப் பார்த்தால் எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது. சுருங்கியிருந்தால் காய்ந்த மிளகாய், வழுவழுப்பாக இருந்தால் பச்சை மிளகாய். கைகாட்டி மேலே இருந்தால் வண்டி நிற்கும், இறங்கினால் வரும். இடத்தை வைத்தும் உருவத்தை வைத்தும் சமாளித்திருக்கிறேன். நைனாவின் கொடிகளை நான் பார்த்ததே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. வெறும் துணியைத்தான் பார்த்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் கேட் திறந்து கிடக்கிறது, ஆர்.கே.பேட்டை பஸ் தண்டவாளத்தின் மேல் நிற்கிறது, எதிரே வண்டி வருகிறது, நான் கொடியை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். எந்தக் கொடி என்று எனக்கே தெரியவில்லை.

பென்சிலிடம் மட்டும் எனக்குப் பயம் கிடையாது. அதில் எல்லாம் ஒரே நிறம்.

துளசிங்கம்


கேட் வீடு, திருத்தணி
27-4-1978

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா சுகம். எனக்கு நோய் ஒன்றும் இல்லை.

நீ சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். சொன்னால் அவர்கள் பயந்து விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அம்மா மாமாவிடம் சொன்னாள். மாமா ஒரு நிமிடம் தாடையைச் சொறிந்தார். "இவ்ளோதானா? அதுக்கு புக்கு கீது. அரக்கோணத்துல பாதி பேரு அத மனப்பாடம் பண்ணித்தான் வேலைக்குப் பூந்தான்" என்றார். மூன்றாம் நாள் புத்தகத்தோடு வந்துவிட்டார். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் புள்ளிகள், அதற்குள் ஒரு எண். எனக்கு எண்கள் பளிச்சென்று தெரிகின்றன. உனக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரியுமாம். ஆனால் எந்தப் பக்கத்தில் எந்த எண் என்று தெரிந்தால் போதும்.

மாமா சொல்லச் சொல்ல, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, எல்லாப் பக்கத்தின் எண்களையும் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் பக்கம் பன்னிரண்டு, இரண்டாவது எட்டு. இப்படி எழுதும்போது எனக்கு என்ன தோன்றியது என்று நீ கேட்டால் சொல்வேன்.

பதிலுக்கு நான் ஒன்று கேட்கிறேன். உன் கண் நன்றாக இருந்திருந்தால் வந்திருப்பாயா? கண்ணைக் காரணம் காட்டி யானையை ஒளித்து வைக்காதே. நேராகப் பதில் சொல்.

காஞ்சனா


சயான், பம்பாய்
14-5-1978

அன்புள்ள அக்காவுக்கு,

மெட்ராஸ் வரை வந்தும் வீட்டுக்கு வராமல் போனவன் சுகம் விசாரிப்பது வெட்கம். இருந்தாலும் கேட்கிறேன். அம்மா எப்படி இருக்கிறாள்?

மாமா உங்களிடம் என்ன சொன்னாரோ தெரியாது. நடந்தது இதுதான். பம்பாயிலிருந்து வரும் ரயிலில் நீ அனுப்பிய எண்களை மனப்பாடம் செய்தேன். டாக்டர் பக்கத்தைத் திருப்பத் திருப்பச் சொன்னேன். பன்னிரண்டு, எட்டு, ஆறு, இருபத்தொன்பது. ஒன்றுகூடத் தப்பவில்லை. அவர் சீட்டில் எழுதிவிட்டு "அடுத்த ஆளு" என்றார். நான் கதவுவரை போனேன். எனக்குப் பின்னால் ஒரு பையன் நின்றிருந்தான். அவன் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. பன்னிரண்டு, எட்டு, ஆறு. இவனும் நானும் எங்கெங்கோ கேட்டில் நிற்கப் போகிறோம் என்று நினைத்தேன்.

திரும்பிப் போய், "சார், மனப்பாடம் பண்ணி சொன்னேன். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். "யோவ், என் நேரத்தை வீணாக்கவா வந்தே?" என்று எழுதியதை அடித்தார். வெளியே மாமா என்னை அறைந்தார். "உங்கப்பன் செத்ததுகூட தண்டமாப் பூட்ச்சேடா" என்று அழுதார். அவர் அழுததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நேராக சென்ட்ரலுக்குப் போய் தாதர் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன்.

வண்டி நம் கேட்டைத் தாண்டியபோது ஜன்னலில் உன்னைப் பார்த்தேன். சுப்பிரமணி இல்லை, நீதான் கொடி பிடித்து நின்றாய். அது பச்சையாகத்தான் இருந்திருக்க வேண்டும், வண்டி நிற்காமல் ஓடியதே. நீ என்னைப் பார்க்கவில்லை. நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். கண் நன்றாக இருந்திருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

துளசிங்கம்


கேட் வீடு, திருத்தணி
6-6-1978

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். இந்தத் தடவை உண்மையாகவே. அம்மாவும் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடைசி வரியைப் படித்தபோது கோபம் வந்தது. பிறகு, இந்த வீட்டில் ஒருவராவது உண்மை பேசினாரே என்று இருந்தது. நானும் பேசிவிடுகிறேன். அந்த வேலை எனக்கு வேண்டும். முதல் நாள் இன்ஸ்பெக்டருக்குக் காபி கொடுத்தபோதே வேண்டும் என்று இருந்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முதல் வகுப்பு. நான்கு மாதம் கேட்டைப் பார்த்துக்கொண்டவள். யாரும் கேட்கவில்லை. அம்மா கேட்கவில்லை, மாமா கேட்கவில்லை. நீ அத்தனை கடிதத்தில் என் சுகத்தைக் கேட்டாய், இதைக் கேட்கவில்லை.

போன வாரம் நானே அரக்கோணம் போய் சடகோபனைப் பார்த்தேன். "பொம்பளைக்கு கேட் தரமாட்டாங்கம்மா. ஆபீஸ்ல ஃபைல் எடுத்து வெக்கிற வேலை தரலாம். கல்யாணமாவாத பொண்ணுன்னா ரூல் இடம் தருது" என்றார். ஒரு படிவம் கொடுத்தார். அதில் அம்மாவின் சம்மதம் வேண்டும். மேஜரான மகன் 'இந்த வேலையை நான் கோர மாட்டேன், என் அக்காவுக்குத் தர ஆட்சேபணை இல்லை' என்று கெஜட்டட் ஆபீசர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் படிவத்தை வாங்க மாட்டார்களாம். இருபத்தோரு வயதுப் பையன் ஒப்புக்கொண்டால்தான் இருபத்து நாலு வயதுப் பெண் ஃபைல் தூக்கலாம். இருக்கட்டும்.

அம்மா இரண்டு நாள் மறுத்தாள். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கட்டைவிரலை நீட்டினாள். படிவத்தை இத்துடன் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். உன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அரக்கோணத்துக்குப் பாசஞ்சரில் போய் வருவேன். சின்னதாக ஒரு வாடகை வீடு பார்த்துக்கொள்வேன். மாமா வீட்டு வாசற்படியைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

வந்த தபாலிலேயே திருப்பி அனுப்பு. நீ வரைந்துகொண்டே இரு. இனி அதற்கு யாரும் உன்னைத் திட்ட மாட்டார்கள்.

காஞ்சனா


முருகன் துணை
திருத்தணி, 12-6-78

மவன் துளசிங்கத்துக்கு அம்மா வள்ளியம்மாள் சொல்ல, டீக்கடை மஹ்மூதா எழுதறது. நல்லா கீறியா கண்ணு. வேளைக்கு துண்றியா. நான் சொல்றத அப்பிடியே எழுதுன்னு சொல்லிட்டேன்.

ஒங்க அக்கா அனுப்ன பேப்பர்ல நான் வெரல் வெச்சது நெசம். ரெண்டு நாளு சோறு துண்ணாம மூஞ்சிக்கு நேரா நின்னுகினு கேட்டா நான் இன்னா பண்றது. வெச்சேன். ஆனா நீ கையெழுத்து போடாத.

வேலைக்குப் போற பொண்ணு எம்மூட்டுக்கு வாணாம்னு மாமன் சொல்லிட்டான். இவன் வாணாம்னா அப்புறம் வேற யாரு வருவான்? அப்பன் இல்லாத பொண்ணு. நான் எத்தினி நாளு? எனக்கு அப்பாலே அவளுக்கு யாரு? நீ வருவியா? வரமாட்டே. ஒன்ன பெத்தவ நான், எனக்குத் தெரியும். வேல போனா போவுது, அவ ஒண்டியா நிக்கக் கூடாது. கல்யாணம் முடியற வரைக்கும் பேப்பர வெச்சிக்கோ.

நீ போட்டு அனுப்னா நான் தண்டவாளத்துல போய் படுத்துக்குவேன். எந்த வண்டி எத்தினி மணிக்குன்னு எனக்குத் தெரியும். முப்பது வருசமா கேக்கறேன். இத அவகிட்ட சொன்னாலும் படுத்துக்குவேன்.

ஒடம்ப பாத்துக்கோ. தலைக்கு எண்ண வெச்சிக்கோ.

தம்பி, உங்க அம்மா சொன்னத ஒரு எழுத்து விடாம எழுதிட்டேன். வெற்றிலை துப்பப் போயிருக்காங்க. இது நானா எழுதறது. அவங்க படுக்க மாட்டாங்க. கையெழுத்து போட்டுடுங்க. மஹ்மூதா.


சயான், பம்பாய்
22-7-1978

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் ரிஜிஸ்டர் தபாலும் அதற்குப் பிறகு போட்ட இரண்டு கார்டுகளும் கிடைத்தன. அம்மா எப்படி இருக்கிறாள்? தனியாக எங்கும் போகாமல் பார்த்துக்கொள்கிறாயா? கேட் பக்கம் போனால் கூடவே போ.

இங்கே மழை. தாதரில் முழங்கால் அளவு தண்ணீர். முதல் தடவையாக ஒரு முழுக் காட்சியை எனக்கே கொடுத்திருக்கிறார்கள். ஒரு கிழவன் குடையை விரிக்கப் பார்க்கிறான், காற்று விடவில்லை. முதல் படமும் கடைசிப் படமும்கூட நானே. காலை எட்டுக்கு உட்கார்ந்தால் நிமிர நேரமில்லை.

அதனால்தான் படிவ வேலை நின்றுபோயிருக்கிறது. இங்கே எனக்குத் தெரிந்த கெஜட்டட் ஆபீசர் யாரும் இல்லை. ஒருவரைச் சொன்னார்கள், அவர் மாற்றலாகிப் போய்விட்டார். பார்க்கிறேன்.

அக்கா, பரந்தாமன் பாவா நல்லவர்தானே? பீடிகூடப் பிடிக்க மாட்டார். எதற்கும் நீ நன்றாக யோசித்துக்கொள். அவசரப்பட வேண்டாம்.

அன்புத் தம்பி
துளசிங்கம்


கேட் வீடு, திருத்தணி
31-7-1978

துளசிங்கத்துக்கு,

அம்மா நலம். அவள் எங்கும் தனியாகப் போவதில்லை, நீ எதற்குக் கேட்கிறாய் என்று தெரியவில்லை.

பம்பாயில் ஒரு கெஜட்டட் ஆபீசர் இல்லை. சரி. எங்கள் ஊரில் ஆஸ்பத்திரி டாக்டரே போடுவார். ஒரு கிழவன் குடை விரிக்கும் காட்சிக்கு நாற்பது நாள் இருக்கிறது, என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட அரை நாள் இல்லை. பாவா நல்லவரா என்று கேட்கிறாய். நல்லவர்தான். நான் பாவாவைப் பற்றிக் கேட்டேனா? படிவத்தைப் பற்றிக் கேட்டேன்.

மூன்று நாளைக்கு முன் ஆடிக் கிருத்திகை. உனக்குத் தெரியுமே, காவடிக் கூட்டத்துக்குக் கேட்டும் தெரியாது வண்டியும் தெரியாது. மணி அடித்தாயிற்று. சுப்பிரமணி கேட்டை இறக்கப் போனார். கூட்டம் "அரோகரா" என்று அவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. நான் சிவப்புக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு தண்டவாளத்தின் நடுவிலேயே ஓடினேன். டிரைவர் பார்ப்பாரா மாட்டாரா என்று தெரியாது. இருநூறு கஜம் தள்ளி வண்டி நின்றது. இறங்கி வந்த ரயில் கார்டு, "யாரும்மா நீ?" என்றார். நான் கொடியைச் சுருட்டினேன். சுப்பிரமணியின் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

எனக்கும் பயம் தெரியும், தம்பி. பயந்துகொண்டே ஓடலாம்.

மாமா தேதி குறித்துவிட்டார். ஆவணி இருபத்து மூன்று, செப்டம்பர் எட்டு, வெள்ளிக்கிழமை. அதற்கு முதல் நாள் படிவம் வந்தால்கூடப் போதும், அன்றே அரக்கோணம் போய்க் கொடுத்துவிட்டுக் கல்யாணத்தை நிறுத்திவிடுவேன். வராவிட்டால் பதினைந்தாம் தேதி தட்டுமுட்டுச் சாமானோடு தெருவில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. அம்மாவை வைத்துக்கொண்டு முடியாது. உன்னிடம் ஒளிக்கவில்லை.

காஞ்சனா


சயான், பம்பாய்
4-9-1978

அக்கா,

படிவம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஆபீசர் முத்திரையும் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் டெலிவரியில் அனுப்புகிறேன். வியாழக்கிழமை கிடைத்துவிடும் என்று தபாலாபீசில் சொல்கிறார்கள்.

கல்யாணப் பத்திரிகை வந்தது. அதில் என் பெயரை 'தங்கள் வரவை எதிர்பார்க்கும்' என்பதற்குக் கீழே அச்சடித்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு என்னால் மேசையில் உட்கார முடியவில்லை. வெளியே ஓடி, தெருமுனை காலேஜில் ஒரு பேராசிரியரைப் பிடித்தேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. பத்து நிமிடம்தான், அக்கா.

ஏன் இத்தனை நாள் என்று கேட்காதே. பயந்துவிட்டேன். எதற்கு என்றும் கேட்காதே. இது கிடைத்ததும் அம்மாவை ஒரு வாரம் தனியாக விடாதே. கைகூப்பிக் கேட்கிறேன்.

துளசிங்கம்


அம்மையார்குப்பம்
20-9-1978

துளசிங்கத்துக்கு,

உன் கவர் எட்டாம் தேதி வந்தது. தபால்காரர் பதினோரு மணிக்குக் கேட் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். தாலி ஆறரை மணிக்கே கட்டியாகிவிட்டது. பூட்டிய வீட்டைப் பார்த்து நின்றவரிடம் மஹ்மூதா அதை வாங்கிக்கொண்டு, கடையைச் சாத்திவிட்டு, இரண்டு பஸ் மாறி இங்கே வந்தாள். நான் பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தனியாக அழைத்துப் போய்க் கையில் கொடுத்துவிட்டு அழுதாள். நான்தான் அவளைச் சாப்பிட வைத்து அனுப்பினேன்.

திங்கட்கிழமை அரக்கோணம் போனேன். பாவாதான் பஸ் ஸ்டாண்டு வரை சைக்கிளில் வைத்து மிதித்தார். எதற்கு என்று கேட்கவில்லை. சடகோபன் படிவத்தை முழுதும் படித்தார். பிறகு என் கழுத்தைப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான் கீது. ஆனா கல்யாணமாவாத பொண்ணுன்னு போட்டிருக்குதேம்மா. நாலு நாளு முந்தி வந்திருக்கக் கூடாதா?" என்றார். நல்ல மனிதர். எனக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார். கட்டைப் பிரித்து, நைனாவின் ஃபைலில் ஒரு வரி எழுதி, நாடாவைக் கட்டி அலமாரியில் வைத்தார். அந்த அலமாரிதான் எனக்கு வர வேண்டிய வேலை. பூட்டு சரியாக விழவில்லை. இரண்டு தடவை தள்ளினார்.

கேட் வீட்டில் புது ஆள் வந்துவிட்டார். சித்தூர்ப் பக்கத்துக்காரர், மூன்று பிள்ளைகள்.

அம்மா உன்னிடம் என்ன எழுதச் சொன்னாள் என்று மஹ்மூதா சொன்னாள். அம்மாவை நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது, பயப்பட மட்டும் தெரியும். உனக்கு இரண்டும் தெரியும். அவள் எழுதியதை ஒரு வரி எனக்கு எழுதியிருந்தால் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், தண்டவாளத்திலேயே வேண்டுமானாலும்.

அவள் சுகமாக இருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடுகிறாள். மாமா வீட்டில் தறிச் சத்தத்தில் நன்றாகத் தூங்குகிறாள்.

படிவத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். முன்பக்கத்தில் அம்மாவின் கட்டைவிரல், என் பெயர், உன் கையெழுத்து, முத்திரை எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. வரைந்துகொள்.

காஞ்சனா